திருகோணமலை மரமும் அதன் இலத்தீன் பெயரும்

நிலாவெளியிலிருந்து குச்சவெளி நோக்கிச் செல்லும் வீதிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் உலர் வலயக் காடுகளில் பாலை, வீரை, முதிரை ஆகியவற்றின் இனத்தோழனாக வளர்வது சாவண்டலை. சிங்கள மக்கள் இதனை ஹல்மில்ல என்பர். சென்னைப் பட்டினத்து ஆங்கிலேய வணிகரோ, தமக்கு அது எத்துறைமுகத்திலிருந்து வந்ததோ அத்துறைமுகத்தின் பெயரையே சூட்டித் திருகோணமலை மரம் என்றனர். மரம் ஒன்று, பெயர் மூன்று. இதற்கு நான்காவதாக ஓர் இலத்தீன் பெயரும் உண்டு. அப்பெயர் வந்த வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

உயிர்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் அதன்கண் உள்ள இனத்தையும் குறிக்கும். அவர் 1753 இல் வெளியிட்ட நூலே தாவரப் பெயர்களுக்குத் தொடக்க எல்லை. அந்நூலுக்கு ஆறாண்டு முன்னரே, 1747 இல், இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனிநூல் ஒன்றை அவர் எழுதியிருந்தார் என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. அவர் இத்தீவுக்கு வந்தவரல்லர். ஒல்லாந்தக் கம்பெனியின் மருத்துவராக 1670களில் இங்கிருந்த பவுல் ஹேர்மன் உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்த செடிகளே அவருக்கு ஆதாரமாயின. நம் பனைக்கு அவர் இட்ட பெயரின் இரண்டாம் சொல்லாகிய பிளபெல்லிபெர் என்பதற்கு ‘விசிறி தாங்கியது’ என்று பொருள். ஓலையைக் கண்டவர் எவரும் அப்பெயரைக் குறைகூறார்.

சாவண்டலையின் கதை அத்துணை நேரானதன்று.

1870களில் துறைமுக வேலை தொடங்கும் வரை சென்னையில் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் பொதிகளையும் அலைமுறியும் கரைக்குக் கொண்டுசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அறையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதும்போது வளைந்துகொடுத்து, முறியாது நிற்கும் பலகை அவற்றுக்கு வேண்டும். சாவண்டலை அதற்கு ஏற்றது. ஆகவே இங்கிருந்து மரம் கடல்கடந்தது.

மரம் சென்ற வழியே பெயரும் வந்தது. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த வில்லியம் ரொக்ஸ்பரோ இம்மரத்துக்குப் பெர்ரியா அம்மொனில்லா எனப் பெயரிட்டார். அவர் 1815 இல் மறைந்தார். சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய அவரது பெருநூலில் இப்பெயர் அச்சேறியது 1820 இல். பெர்ரியா என்பதை நம் மாணவர் ‘பெரிய’ என்னும் தமிழ்ச் சொல்லாக எண்ணிவிடக்கூடும். அஃது அவ்வாறன்று. சென்னையில் மருத்துவராயிருந்து, சைதாப்பேட்டையில் சாயப்பூச்சி வளர்ப்பதற்கான கள்ளித் தோட்டத்தை மேற்பார்த்த அந்திரூ பெரி என்பாரைச் சிறப்பிக்க இட்ட பெயர் அது. அம்மொனில்லா என்பதோ ஹல்மில்ல என்ற சிங்களச் சொல்லின் மருஉ. வெட்டியவன் வழங்கிய சொல்லும், மரம் சென்றுசேர்ந்த ஊர் வைத்தியரின் பெயரும் அவ்வாறு ஒரு பெயரில் அருகருகே அமர்ந்தன.

ஆனால் 1801 இலேயே பேர்லின் நகரத்து வில்டெனோ என்பார் இதே மரத்துக்கு எஸ்பெரா கோர்டிபோலியா என்று பெயரிட்டிருந்தார். கோர்டிபோலியா என்றால் ‘இதயவடிவ இலையுடையது’. முந்திய பெயரே செல்லும் என்பது பெயரிடு விதி. அவ்விதிப்படி பெர்ரியா மறைந்திருக்க வேண்டும். எனினும் ஒரு பழம்பெயரை மீட்டால் நூல்களில் வேரூன்றிய பெயர் மாறிக் குழப்பம் விளையுமாயின், பிந்திய பெயரையே காத்துக்கொள்ள விதி இடந்தருகிறது. பெர்ரியா அவ்வாறு காக்கப்பட்ட பேரினப் பெயர். இங்கு அச்சலுகை பேரினப் பெயருக்கு மட்டுமே கிடைத்தது. இனப்பெயரில் முந்தியதே வென்றது. 1926 இல் புரெற் என்னும் ஜெர்மானிய அறிஞர் இரண்டையும் சேர்த்துப் பெர்ரியா கோர்டிபோலியா என்று அமைத்தார்.

விளைவை நோக்குங்கள். விதிவிலக்கினால் சென்னை வைத்தியரின் பெயர் நின்றது. விதியினால் இத்தீவின் சொல் நீங்கியது. இதில் எவருடைய வஞ்சகமும் இல்லை. முந்தியதைப் போற்றும் விதி இல்லாதிருந்தால் ஒவ்வொருவரும் தாம் விரும்பியவாறு பெயர் மாற்றுவர் என்பதையும் நான் ஒப்புகிறேன். ஆயினும் கோர்டிபோலியா எனும் அடைமொழி எனக்கு உவப்பானதன்று. நம் கரையோரத்துப் பூவரசின் இலையும் இதய வடிவினதே. அதுவும் இன்றைய வகைப்பாட்டில் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மொனில்லாவோ இம்மரத்தையன்றி வேறொன்றையும் குறித்திராது.

பேராதனைத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி திரைமன் 1893 இல் தொடங்கி வெளியிட்ட இலங்கைத் தாவரக் கைந்நூலில் இம்மரம் பழைய அம்மொனில்லாப் பெயருடனேயே இருக்கிறது. சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் அருகே குறிக்கப்பட்டுள்ளன. நூலகத்தில் அதனைப் புரட்டும் மாணவர், புதிய பட்டியல்களிற் காணும் கோர்டிபோலியாவை வேறொரு மரமென்று எண்ணவேண்டியதில்லை.