நிலக்கரியை உடைக்காமல் படித்த கதை

நிலக்கரி என்றதும் நம்மில் பலருக்குப் பழைய ரயில் எஞ்சினும் அனல் மின் நிலையமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேதியியலாளர்களுக்கு அது நீண்ட காலத் தலைவலி! சர்க்கரைக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு, உப்புக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. நிலக்கரிக்கு அப்படி எதுவும் கிடையாது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த தாவரங்கள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி உண்டான கலவை அது. ஒரு சுரங்கத்தின் கரி இன்னொரு சுரங்கத்தின் கரியைப் போல இருக்காது. அதன் பெரும்பகுதி சாதாரணக் கரைப்பான்களில் கரையாது, படிகமாகவும் ஆகாது.

அதனால் பல காலம் ஒரே வழிதான் இருந்தது: உடைத்துப் பார்ப்பது. சூடாக்கினார்கள், அமிலத்தில் போட்டார்கள், ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். கிடைத்த துண்டுகளை வைத்து முழு அமைப்பை ஊகித்தார்கள். பானை ஓடுகளைப் பொறுக்கிப் பானையின் வடிவத்தைச் சொல்வது போலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். மண் ஓடு உடையும்போது வேறு பொருளாக மாறாது. நிலக்கரியின் துண்டுகள் மாறிவிடும்!

வளையமா, கூண்டா?

1960ல் பீட்டர் கிவன் ஒரு மாதிரி வரைபடத்தை வெளியிட்டார். அதில் பென்சீன் போன்ற அரோமேட்டிக் வளையங்கள் சிறு கூட்டங்களாக இருந்தன. பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொண்ட கருத்தும் இதுதான். ஆனால் 1974ல் கனடாவின் சக்ரபர்த்தியும் பெர்கோவிட்சும் வேறொன்றைச் சொன்னார்கள். துணி வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் நிலக்கரியைத் தாக்கி, கிடைத்த விளைபொருள்களைப் பார்த்தார்கள். நிலக்கரியின் எலும்புக்கூடு அரோமேட்டிக் வளையங்கள் அல்ல, வைரத்தின் அமைப்பைப் போன்ற கூண்டுகள் என்பது அவர்கள் வாதம். ஹைப்போகுளோரைட் சில அரோமேட்டிக் சேர்மங்களையும் தாக்கும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். துண்டுகளை வைத்தே இந்த வழக்கைத் தீர்ப்பது கடினம். உடைக்காமல் பார்க்கும் ஒரு கருவி தேவைப்பட்டது.

என்.எம்.ஆர். வந்தது

அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்.எம்.ஆர். மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் இதுதான் அடிப்படை. சில அணுக்கருக்கள் குட்டிக் காந்தங்களைப் போல நடந்துகொள்கின்றன. வலுவான காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அவை பதில் தரும். சுற்றியிருக்கும் பிணைப்புகளைப் பொறுத்து அந்த அதிர்வெண் சற்றே மாறும். அதை வைத்து வளையத்தில் உள்ள கார்பன் எது, சங்கிலியில் உள்ள கார்பன் எது என்று பிரித்துச் சொல்லலாம். இதைக் கண்டறிந்த பிளாக், பர்செல் இருவருக்கும் 1952ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

1955லேயே நிலக்கரியின் ஹைட்ரஜனை இம்முறையில் பார்த்துவிட்டார்கள். ஆனால் திடப்பொருளில் அணுக்கருக்கள் அசையாமல் நெருங்கி நின்று ஒன்றையொன்று பாதிக்கும். கோடுகள் எல்லாம் கலந்து ஒரே மேடாகத் தெரியும். 1960ல் பிரவுனும் லேட்னரும் நிலக்கரியிலிருந்து பெற்ற, கரையக்கூடிய பொருள்களை அளந்து, ஹைட்ரஜன் கணக்கிலிருந்து கார்பன் கணக்கைப் பெறும் வழியைத் தந்தார்கள். அப்போதும் கரையாத பெரும்பகுதி கைக்கு எட்டவில்லை.

அதற்கு மூன்று உத்திகள் சேர வேண்டியிருந்தது. ஒன்று, ஹைட்ரஜனின் குறுக்கீட்டை ரேடியோ அலையால் அடக்குவது. இரண்டு, ஹைட்ரஜனின் காந்த வலிமையைக் கார்பனுக்கு மாற்றித் தருவது. என்.எம்.ஆருக்குப் பதில் தரும் கார்பன்-13 இயற்கைக் கார்பனில் சுமார் 1.1 சதவீதம்தான் என்பதால் இந்த உதவி அவசியம். பைன்ஸ், கிப்பி, வாஹ் மூவரும் 1970களின் தொடக்கத்தில் இதைச் செய்துகாட்டினார்கள். மூன்று, மாதிரியைக் காந்தப்புலத்துக்கு 54.7 டிகிரி சாய்வில் மிக வேகமாகச் சுழற்றுவது. திசையால் வரும் கோட்டு அகலம் இதனால் சராசரியாகி மறையும். இதற்கு 'மாயக் கோணம்' என்று பெயர்! ரேமண்ட் ஆண்ட்ரூ குழுவினர் 1958லேயே இந்தச் சுழற்சியைச் செய்துவிட்டார்கள்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நிலக்கரியிலிருந்து திரவ எரிபொருள் எடுக்கும் ஆசை அமெரிக்காவில் வலுத்தது. இந்த ஆராய்ச்சிக்கும் மதிப்பு கூடியது. 1976ல் வாண்டர்ஹார்ட், ரெட்காஃப்ஸ்கி இருவரும் முதல் இரண்டு உத்திகளைக் கொண்டு கரைக்காத முழு நிலக்கரியையே அளந்தார்கள். அடுத்த ஆண்டே மேசீல் குழுவினர் சுழற்சியையும் சேர்த்துக்கொண்டார்கள். நிறமாலையில் இரண்டு மேடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. பிட்டுமினஸ் கரிகளில் அரோமேட்டிக் மேடுதான் பெரியது. கூண்டு வாதம் நிற்கவில்லை.

கருவியையும் கேள்வி கேட்டார்கள்

கதை இத்துடன் முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஆனால் ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது: கருவி எல்லாக் கார்பனையும் எண்ணுகிறதா? ஹைட்ரஜனிடம் வலிமை வாங்கும் முறையில், ஹைட்ரஜனிலிருந்து தள்ளி நிற்கும் கார்பன் சரியாகப் பதிவாகாது. நிலக்கரியில் இயல்பாக உள்ள இணையற்ற எலக்ட்ரான்களும் பக்கத்துக் கார்பனின் குரலை அமுக்கிவிடும். சோதித்தபோது பல மாதிரிகளில் ஏறக்குறைய பாதிக் கார்பன்தான் தெரிந்தது!

1989ல் இத்துறையின் முக்கிய ஆய்வாளர்கள் பலர் ஒரே கட்டுரையில், விவாதம் என்றே பெயரிட்டு, இதை வெளிப்படையாக அலசினார்கள். ஹைட்ரஜன் உதவியின்றிக் கார்பனை நேரடியாகத் தூண்டி, நீண்ட நேரம் காத்திருந்து அளப்பதே நம்பகமானது என்ற கருத்து வலுப்பெற்றது. விடுபட்டவற்றில் அரோமேட்டிக் கார்பன்களே அதிகம் என்பதும் தெரிந்தது. அதாவது கருவியின் குறையைத் திருத்தியபோது வளையக் கட்சி இன்னும் பலமானது.

அதே 1989ல் சோலம், பக்மையர், கிராண்ட் மூவரும் காற்றுப் படாமல் சேமித்த எட்டு ஆர்கான் நிலக்கரி மாதிரிகளை அளந்தார்கள். லிக்னைட்டில் ஒரு வளையக் கூட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் 9 கார்பன், முதிர்ந்த போகஹான்டாஸ் கரியில் சுமார் 20. கிராஃபைட் போன்ற பெரிய தகடுகள் இல்லை, நாஃப்தலீன் முதல் ஐந்தாறு வளையங்கள் வரையிலான சிறு கூட்டங்கள்தான். நிலக்கரியைச் சூடாக்கினால் எவ்வளவு வாயு, எவ்வளவு தார் வரும் என்று கணிக்கும் மாதிரிகளுக்கு இந்த எண்கள் நேரடியாக உள்ளீடாகப் போயின.

நிலக்கரிக்கு இன்றும் ஒற்றை வாய்ப்பாடு கிடையாது, இருக்கவும் முடியாது. ஆனால் அதன் சராசரி முகம் தெரியும். பொருளை உடைத்து ஊகித்தவர்கள் ஏமாறலாம், உடைக்காமல் அளந்தவர்களும் ஏமாறலாம். தப்பிக்க உதவியது, கருவி காட்டாமல் விட்டதையும் சேர்த்து எண்ணிப் பார்த்த அந்தப் பழக்கம்தான்.