தமிழகத் தேர்தல்களில் ஊழல் எதிர்ப்பு முழக்கம்
(அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தை முன்வைத்து)

ஆட்சியில் இருப்பவர்கள் பொதுப்பணத்தைச் சுரண்டினார்கள், பதவியைக் கொண்டு சொத்துச் சேர்த்தார்கள் என்று குற்றஞ்சாட்டி, அதையே முதன்மைக் காரணமாகக் காட்டி வாக்குக் கேட்கும் முறை ஊழல் எதிர்ப்பு முழக்கம் எனப்படும். தமிழகத்தில் 1967-க்குப் பின் நடந்த ஆட்சி மாற்றங்களில் பெரும்பாலானவற்றில் இதற்குப் பங்கு உண்டு. ஆட்சியை மாற்றிய இந்த முழக்கம் குற்றவாளியைத் தண்டித்தது மிகச் சில வேளைகளில்தான். இதன் வரலாறு முழுக்க இந்த இடைவெளியைக் காணலாம். கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலாலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களாலும் அறியப்படும் அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் இந்த வரலாற்றில் இரண்டு முறை நடுவிடத்துக்கு வந்திருக்கிறது. முதல் முறை ஒரு ரயில் விபத்தால், இரண்டாம் முறை ஓர் அமைச்சரால்.

மருதையாற்றுப் பாலம், 1956

1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்தும் பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகுதான் ஏற்றார்.

ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த ஓ.வி. அழகேசன். அடுத்த ஆண்டுத் தேர்தலில், ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா என்று எதுகை போட்டு அரியலூரையும் அழகேசனையும் இணைத்துத் தி.மு.க.வினர் எழுப்பிய முழக்கம் இன்றும் பழைய கட்சிக்காரர்கள் வாயில் இருக்கிறது. செங்கற்பட்டில் அழகேசன் தோற்றார். அங்கே எழுந்தது லஞ்சக் குற்றச்சாட்டு அல்ல, பொறுப்பின்மைக் குற்றச்சாட்டு. ஆனாலும் ஆட்சியாளரின் பெயரைச் சொல்லிக் கணக்குக் கேட்டு, அதை ஒரே வரியில் தெருவுக்குக் கொண்டுபோகும் வித்தையைத் தமிழக மேடை இங்கேதான் நன்றாகப் பழகிக்கொண்டது.

பதவி விலகிய சாஸ்திரி பின்னாளில் உள்துறை அமைச்சரானபோது ஊழல் தடுப்புக்காக 1962-ல் ஒரு குழுவை அமைத்தார். அதன் தலைவர் கே. சந்தானம் ஒரு தமிழர். அக்குழுவின் பரிந்துரையால் 1964-ல் மத்திய கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. தமிழகத்தின் லஞ்ச ஒழிப்புத் துறையும் அதே 1964-ல் தொடங்கியதுதான்.

காங்கிரசுக்கு எதிராக

காங்கிரசை ஊழலைச் சொல்லித் தாக்கியவர்களில் முன்னோடி ராஜாஜி. சுதந்திரம் வந்தால் தேர்தலும் அதன் ஊழலும் மக்கள் வாழ்வை நரகமாக்கும் என்று 1920-களின் தொடக்கத்திலேயே வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் அவர். 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியபின் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று காங்கிரஸ் ஆட்சியைச் சாடினார். அதற்கு முந்தைய ஆண்டுதான், ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்ட விவகாரத்தில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியிருந்தார். இருந்தும் 1967-ல் காங்கிரசை வீழ்த்தியவை அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும்தான். ஊழல் புகார் அன்று துணைக் கருவி மட்டுமே.

1972: கணக்குக் கேட்டவர்

ஊழல் எதிர்ப்பையே மூலதனமாக்கி ஒரு கட்சி பிறந்தது 1972-ல். தி.மு.க. பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர்., அக்டோபர் 8 அன்று திருக்கழுக்குன்றத்தில் பேசும்போது, அமைச்சர்கள் முதல் கட்சிப் பொறுப்பாளர்கள் வரை தங்கள் சொத்துக் கணக்கையும் குடும்பத்தாரின் சொத்துக் கணக்கையும் காட்ட வேண்டும் என்றார். சில நாட்களில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17 அன்று அ.தி.மு.க. உதயமானது. நவம்பரில் எம்.ஜி.ஆர்., முதலமைச்சர் கருணாநிதி மீதும் அமைச்சர்கள் மீதும் புகார்ப் பட்டியலை ஆளுநர் கே.கே. ஷாவிடம் கொடுத்தார். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். கல்யாணசுந்தரமும் குடியரசுத் தலைவரிடம் மனு கொடுத்தார். 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலைச் சின்னத்தில் மாயத்தேவர் வென்றார். ஆளுங்கட்சி மூன்றாமிடத்துக்குப் போனது.

இதற்குக் கருணாநிதி அரசு அளித்த விடையைத் தமிழ் வாசகர்கள் ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். முதலமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், உள்ளாட்சித் தலைவர் ஆகியோர் மீதான ஊழல் புகாரை விசாரிக்க 1973-ல் பொதுவாழ்வினர் குற்றமுறை நடத்தைச் சட்டத்தை அது கொண்டுவந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், 1977 செப்டம்பரில், அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. கணக்குக் கேட்டு வந்த ஆட்சி, கணக்குக் கேட்பதற்கான சட்டத்தைத் திருத்திப் பலப்படுத்தியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. அன்று நேர்ந்த இழப்பு பெரிது.

1976 ஜனவரி 31-ல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. உடனே உச்ச நீதிமன்ற நீதிபதி ரஞ்சித் சிங் சர்க்காரியா தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. விமானம் மூலம் பூச்சிமருந்து தெளித்தது, வீராணம் குடிநீர்த் திட்ட ஒப்பந்தம் ஆகியவை அது விசாரித்த புகார்களில் முக்கியமானவை. அரியலூர் மாவட்ட எல்லையை ஒட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் கொள்ளிடத்துத் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோவதே வீராணம் திட்டம். திட்டம் நின்றுபோக, ஆள் நுழையும் அளவு பெரிய சிமெண்ட் குழாய்கள் சென்னை செல்லும் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. வீடற்றவர்கள் அவற்றுக்குள் குடியிருந்தார்கள். ஆணையத்தின் அறிக்கையைப் படித்தவர்கள் மிகச் சிலர். அந்தக் குழாயைப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்தவர்கள் லட்சக்கணக்கானோர். மேடைப் பேச்சாளருக்கு அதைவிடச் சான்று தேவைப்படவில்லை.

1980-ல் தி.மு.க.வும் இந்திரா காந்தியின் காங்கிரசும் கூட்டணி சேர்ந்தன. சர்க்காரியா அறிக்கையை ஒட்டிய வழக்குகள் தீர்ப்பு வரை போகாமலே முடிந்தன. “விஞ்ஞான ஊழல்” எனத் தி.மு.க. மீது வீசப்படும் வசைமொழி மட்டும் இன்றுவரை மேடைகளில் ஒலிக்கிறது.

போபர்ஸ் தோற்ற இடம்

1989-ல் வட இந்தியாவில் ராஜீவ் காந்தி அரசை வீழ்த்தியது போபர்ஸ் பீரங்கி பேர ஊழல். அந்த ஊழலின் ஆவணங்களைப் பெரிய அளவில் வெளியிட்டது சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ நாளிதழ். ராஜீவை எதிர்த்த வி.பி. சிங்கின் தேசிய முன்னணி தொடக்க விழா நடந்ததும் சென்னையில்தான். ஆனால் தமிழகத்தின் 39 தொகுதிகளில் 38-ஐ காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணி வென்றது. எஞ்சிய நாகப்பட்டினம் இந்தியக் கம்யூனிஸ்டுக்குப் போனது. பீரங்கி பேரத்தின் கமிஷன் தமிழக வாக்காளரின் அன்றாட வாழ்வைத் தொடவில்லை என்பதே என் கணிப்பு.

1996-ல் நிலைமை தலைகீழ். 1995 செப்டம்பர் 7 அன்று சென்னையில் நடந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணமும், ஒட்டியாணமும் நகையுமாக ஜெயலலிதாவும் அவருடைய தோழி சசிகலாவும் நின்ற புகைப்படமும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. அந்தப் படத்துக்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை. தி.மு.க., தமிழ் மாநில காங்கிரஸ் அணி மக்களவையில் 39-ஐயும், சட்டமன்றத்தில் 221 இடங்களையும் பிடித்தது. அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். ஐந்தே ஆண்டுகளில், டான்சி நில வழக்கில் தண்டிக்கப்பட்டு வேட்புமனு ஏற்கப்படாத நிலையிலும் அவருடைய கட்சி ஆட்சிக்குத் திரும்பியது. 1996-ல் தொடங்கிய சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பை மீண்டும் உறுதிசெய்தபோது அவர் உயிரோடு இல்லை. இடையில் நான்கு சட்டமன்றத் தேர்தல்கள் முடிந்திருந்தன.

ஐரோப்பாவிலும் இதே போக்கு உண்டு. 1992 பிப்ரவரியில் மிலான் நகரில் முதியோர் இல்லத் தலைவர் மாரியோ கியேசா லஞ்சம் வாங்கிப் பிடிபட்டதில் தொடங்கிய விசாரணை இத்தாலியின் பழைய கட்சிகளையே கரைத்தது. அந்த வெற்றிடத்தில் 1994-ல் ஆட்சியைப் பிடித்த தொழிலதிபர் பெர்லுஸ்கோனியே பின்னாளில் வரி மோசடியில் தண்டனை பெற்றார். ஸ்லோவாக்கியாவில் ஊழல் ஒழிப்பை முன்வைத்து 2020-ல் வென்ற இகோர் மடோவிச், ஓராண்டு கடந்ததும் பிரதமர் பதவியை இழந்தார். 2023-ல் அவர் யாரை எதிர்த்தாரோ அந்த ராபர்ட் ஃபிட்சோவே திரும்ப வந்தார்.

2ஜி: பெரம்பலூரின் பெயர்

பெரம்பலூர் மாவட்டம் வேலூர் கிராமத்தைச் சேர்ந்த ஆ. இராசா, பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் 1996, 1999, 2004 என மூன்று முறை வென்றவர். தொகுதி மறுவரையறையில், தனித்தொகுதியாக இருந்த பெரம்பலூர் பொதுத்தொகுதியானதால் 2009-ல் நீலகிரிக்குப் போனார். 2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டில் 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று கணித்தது. மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த இராசா பதவி விலகினார். 2011 பிப்ரவரி 2-ல் கைதானார்.

அந்த எண் கிராமத்துச் சுவரில் ஏறியது. எத்தனை பூஜ்யம் என்று டீக்கடையில் எண்ணிப் பார்த்தார்கள். அனுமான இழப்பு வேறு, கைமாறிய லஞ்சம் வேறு என்று மேடையில் யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாதது தவறு. மின்வெட்டும் விலைவாசியும் சேர, 2011 மே மாதம் அ.தி.மு.க. அணி 203 இடங்களை வென்றது. தி.மு.க. அணி 31-ல் நின்றது. ஆனால் இராசாவின் சொந்த மண்ணில் கணக்கு வேறாக இருந்தது. அரியலூரும் பெரம்பலூரும் அ.தி.மு.க.வுக்குப் போயின. குன்னத்தில் தி.மு.க.வின் எஸ்.எஸ். சிவசங்கரும், ஜெயங்கொண்டத்தில் அதே அணியின் பா.ம.க. வேட்பாளர் ஜெ. குருவும் வென்றார்கள். நான்கில் இரண்டு. மாநில அலை அங்கே பாதியில் நின்றதற்குச் சாதி பலம், வேட்பாளரின் செல்வாக்கு, கூட்டணிக் கணக்கு என்று பல காரணங்கள் உண்டு. ஊழல் முழக்கம் தனியாக வாக்கைத் தூக்கிப்போவதில்லை என்பதற்கு இதைவிட அருகில் எடுத்துக்காட்டு வேண்டாம்.

2017 டிசம்பர் 21 அன்று நீதிபதி ஓ.பி. சைனி, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அனைவரையும் விடுவித்தார். அதற்கு எதிரான சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. விடுதலைத் தீர்ப்பு வந்த அதே நாளில் சென்னை ஆர்.கே. நகரில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. பணப்பட்டுவாடாவால் ஏப்ரலில் ரத்தான தேர்தல் அது. தீர்ப்பைக் கொண்டாடிய தி.மு.க. அங்கே வைப்புத்தொகையை இழந்தது.

வாக்காளர் கைக்கு வந்த பணம்

2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின் வாக்குக்குப் பணம் ஒரு முறையாகவே நிலைத்துவிட்டது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி எனத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊழல் எதிர்ப்பு முழக்கத்தின் கூர்மையை மழுக்கியது இதுவே. 2020 டிசம்பரில் தி.மு.க. தலைவர் ஸ்டாலின் அ.தி.மு.க. அமைச்சர்கள் மீது ஆளுநரிடம் பட்டியல் கொடுத்தார். 2023 ஏப்ரலில் பா.ஜ.க.வின் அண்ணாமலை தி.மு.க.வினர் சொத்துப் பட்டியல் வெளியிட்டார். 2024 அக்டோபரில் தம் கட்சியின் விக்கிரவாண்டி மாநாட்டில் நடிகர் விஜய் ஊழலை எதிரி என்றார். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய திருக்கழுக்குன்றத்துப் பேச்சின் வழியேதான் இவையெல்லாம் நடக்கின்றன.

சாதாரண மக்களுக்குத் தெரிந்த ஊழல் பட்டா மாறுதலுக்குக் கேட்கும் பணம். லஞ்ச ஒழிப்புத் துறையினர் எண் குறித்து ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்தனுப்பி, வாங்கியவரின் விரலைச் சோடா கரைசலில் கழுவச் சொல்வார்கள். கரைசல் இளஞ்சிவப்பாகும். அந்தச் சோதனை பெரும்பாலும் கடைநிலை ஊழியரிடமே நிற்கிறது. கட்சிகளின் தேர்தல் அறிக்கைகள் அதற்கு மேல் ஏறுவதற்கான வழியைத் தெளிவாகச் சொல்வதில்லை.

1972-ல் கேட்ட கணக்குக்கு ஒரு பகுதி விடையை உச்ச நீதிமன்றமே கொடுத்தது. 2002, 2003 தீர்ப்புகளின்படி ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கடன், நிலுவை வழக்கு, கல்வி விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். படிவம் 26 என்ற அந்தப் பத்திரம் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் தேர்தல் ஆணைய இணையதளத்திலும் வைக்கப்படுகிறது. கல்லங்குறிச்சி வாசகர் அடுத்த தேர்தலில் தம் தொகுதி வேட்பாளரின் பழைய பத்திரத்தையும் புதிய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இடையில் கூடிய நிலத்துக்கும் நகைக்கும் காரணத்தை, வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடமே கேளுங்கள்.