ரோவர் வி8 எஞ்சினும் அதற்கேற்ற கியர் பெட்டியும்

பழைய கார் ஒன்றில் வேறு எஞ்சினைப் பொருத்தும்போது, எஞ்சினைத் தேர்வதைவிட அதற்கேற்ற கியர் பெட்டியைத் தேர்வதே கடினமான வேலை. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, 1960களின் பிற்பகுதி முதல் 1990கள் வரை பிரித்தானியாவில் ரோவர் வி8 எஞ்சின் பொருத்தப்பட்ட விளையாட்டுக் கார்களின் வரலாறு. எஞ்சின் முதலில் வந்தது. அதன் விசையைத் தாங்கும் ஐந்து கியர் பெட்டி வர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின.

எஞ்சினின் பின்னணி

இந்த எஞ்சினை முதலில் உருவாக்கியது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1961இல் பியூக் கார்களில் இது வெளிவந்தது. வார்ப்பிரும்புக்குப் பதிலாக அலுமினியத்தால் ஆனதால் எடை மிகக் குறைவு. ரோவர் நிறுவனம் 1965இல் இதன் தயாரிப்பு உரிமையை வாங்கியது. 1967இல் 3528 கன செ.மீ. அளவில் தன் பெரிய காரில் பொருத்தியது.

அக்காரும், 1968இல் வந்த ரோவர் 3500 காரும் தானியங்கி கியர் பெட்டியுடன் மட்டுமே விற்கப்பட்டன. கையால் கியர் மாற்றும் 3500எஸ் 1971இல்தான் வெளிவந்தது. அதிலும் நான்கு உருளை ரோவர் 2000 காரின் பெட்டியே வலுவூட்டப்பட்டு, தனி எண்ணெய்ப் பம்புடன் பயன்படுத்தப்பட்டது. எஞ்சினுக்கு உரிமையாளரான நிறுவனத்திடமே அதற்கென்று வடிவமைத்த கையியக்கக் கார்ப் பெட்டி இருக்கவில்லை.

மார்கன் பிளஸ் 8

மார்கன் நிறுவனம் 1968இல் இதே எஞ்சினுடன் பிளஸ் 8 காரை வெளியிட்டது. அது தன் பழைய கார்களில் பயன்படுத்திவந்த மாஸ் என்னும் நான்கு கியர் பெட்டியையே தொடர்ந்தது. இப்பெட்டி எஞ்சினோடு ஒட்டாமல் சற்றுப் பின்னால் தனியாக அமைந்திருந்தது. முதல் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது. 1972இல் மார்கன் இதைக் கைவிட்டு ரோவர் 3500எஸ் பெட்டிக்கு மாறியது.

எம்ஜிபி ஜிடி வி8

1962இல் அறிமுகமான எம்ஜிபி காரில் 1798 கன செ.மீ. பி வரிசை எஞ்சின் இருந்தது. அதன் உச்ச முறுக்குவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டர். கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர் 1970களின் தொடக்கத்தில் இக்காரில் ரோவர் வி8 எஞ்சினைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அலுமினிய எஞ்சின் ஏறக்குறைய பழைய எஞ்சினின் எடையே இருந்ததால் காரின் முன்பகுதி கனக்கவில்லை.

இதைக் கவனித்த பிரித்தானிய லேலண்ட் நிறுவனம் 1973இல் எம்ஜிபி ஜிடி வி8 காரைத் தானே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் திறன் 137 குதிரைத்திறன். முறுக்குவிசை சுமார் 260 நியூட்டன் மீட்டர். கியர் பெட்டியோ, ஆறு உருளை எம்ஜிசி காருக்கும் எம்ஜிபி காருக்கும் பொதுவாக இருந்த நான்கு கியர் வடிவமைப்பைத் தழுவியது. அதைக் காப்பாற்ற நிறுவனம் சில வழிகளைக் கையாண்டது:

* கீழ் கியர்களின் பல் விகிதம் குறைக்கப்பட்டது.
* பின் அச்சின் விகிதம் 3.9இலிருந்து 3.07ஆக மாற்றப்பட்டது. ஒரே வேகத்தில் எஞ்சின் சுழல வேண்டிய சுற்றுகள் இதனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.
* சாதாரண எம்ஜிபியில் மூன்றாம், நான்காம் கியர்களில் இயங்கிய ஓவர்டிரைவ், வி8 காரில் விரைவிலேயே நான்காம் கியருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது.

இவ்வளவு செய்தும், கியர் பெட்டியே இக்காரின் பலவீனமான பகுதி என்ற பெயர் நிலைத்தது. 1976இல் தயாரிப்பு நின்றபோது 2,591 கார்கள் மட்டுமே உருவாகியிருந்தன.

பெட்டி ஏன் தாங்குவதில்லை

கியர் பல்லின் மீது விழும் விசை என்பது முறுக்குவிசையைப் பற்சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. முறுக்குவிசை கூடி, சக்கரத்தின் அளவு மாறாவிட்டால் பல்லின் மீது விழும் விசையும் அதே அளவு கூடும். பற்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் தண்டுகளும் சற்றே விலகி வளைகின்றன. அப்போது பற்கள் முழு அகலத்துக்கும் பொருந்தாமல் ஓரங்களில் மட்டும் சுமை தாங்கித் தேய்கின்றன. எனவே பெட்டியின் வலிமையை மதிப்பிட, அதன் இரு தண்டுகளுக்கு இடையிலான தூரம் முதன்மையான அளவு. தூரம் கூடினால் பெரிய பற்சக்கரங்களை வைக்கலாம்.

எல்டி77 வருகை

1976இல் வெளிவந்த ரோவர் எஸ்டி1 காருடன் எல்டி77 என்னும் புதிய ஐந்து கியர் பெட்டி அறிமுகமானது. பெயரில் உள்ள 77, தண்டுகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. ஐந்தாம் கியரே ஓவர்டிரைவின் வேலையைச் செய்தது. மார்கன் இதற்கு மாறியது. தனியாக எம்ஜிபியில் வி8 பொருத்துவோரும் பழைய எஸ்டி1 கார்களிலிருந்து எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்தே எடுக்கலாயினர். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மாற்றுவது, பின் அச்சுக்குச் செல்லும் தண்டின் நீளத்தைத் திருத்துவது, கியர் கம்பி சரியான இடத்தில் வருமாறு பார்ப்பது ஆகிய வேலைகள் இதில் உண்டு. ஆனால் பல் உடையுமோ என்ற அச்சம் பெருமளவு நீங்கியது.

எம்ஜிபியின் உடலமைப்பை ஒட்டி 1992இல் அறிமுகமான எம்ஜி ஆர்வி8, 190 குதிரைத்திறன் கொண்ட 3.9 லிட்டர் எஞ்சினுடன் எல்டி77 பெட்டியையே முதலில் பெற்றது. பின்னர் அதன் வழிவந்த ஆர்380 பொருத்தப்பட்டது. 380 என்பது அது தாங்கும் முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் குறிக்கும்.

இந்திய ஒப்பீடு

அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்த 1489 கன செ.மீ. எஞ்சினும் எம்ஜிபியின் எஞ்சினும் ஒரே பி வரிசையைச் சேர்ந்தவை. ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் கம்பி கொண்ட நான்கு கியர் பெட்டி அதனுடன் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினை அம்பாசடரில் பொருத்தியபோது பழைய பெட்டியை வைத்துக்கொள்ளவில்லை. தரையில் கம்பி கொண்ட ஐந்து கியர் பெட்டியும் உடன் வந்தது. லேலண்ட் 1973இல் செய்யாமல் விட்டதும் இதுவே.

இன்று பழைய காருக்கு வேறு எஞ்சின் தேடுவோர் குதிரைத்திறனை முதலில் பார்ப்பதுண்டு. பெட்டி தாங்கும் முறுக்குவிசை, பின் அச்சின் விகிதம், கியர் கம்பி வரும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் முடிவுசெய்து, அவற்றுக்கு உட்பட்டு எஞ்சினைத் தேர்வதே செலவையும் இழப்பையும் குறைக்கும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.