வலப்பக்கம் விலகு: ஒரு கடல் விதி பிறந்த கதை

ஒகேனக்கல்லில் எதிரே இன்னொரு பரிசல் வந்தால், துடுப்பு போடுபவர் ஒரு குரல் கொடுத்தால் போதும். யார் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவாகிவிடும். கடலில் இரண்டு கப்பல்களுக்கிடையே அந்தக் குரல் எட்டாது. ஒரு கப்பல் திரும்பும் விதத்தை வைத்துத்தான் அதன் மனதை மற்றது அறிய வேண்டும்.

பாய்மரக் கப்பல் காற்றுக்குக் கட்டுப்பட்டது. அது போகும் பக்கத்தை ஓரளவு ஊகிக்கலாம். நீராவிக் கப்பல் வந்தபின் அந்த ஊகம் பலிக்கவில்லை. 1840இல் லண்டனின் டிரினிட்டி ஹவுஸ் என்ற கடல்வழிப் பாதுகாப்பு அமைப்பு, நேருக்கு நேர் வரும் நீராவிக் கப்பல்கள் இரண்டும் வலப்பக்கம் விலகிக் கடக்க வேண்டும் என்று விதித்தது. 1848இல் பிரிட்டிஷ் கடற்படைத் துறை இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்று விளக்குகளை வரையறுத்தது. எதிரே இரு நிறமும் சேர்ந்து தெரிந்தால் கப்பல் நம்மை நோக்கியே வருகிறது. சிவப்பு மட்டும் தெரிந்தால் நாம் பார்ப்பது அதன் இடப்பக்கம். 1863இல் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து பொது விதிகளை வகுக்க, பல நாடுகள் அவற்றை ஏற்றன.

1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் 'ஆந்திரியா டோரியா', 'ஸ்டாக்ஹோம்' என்ற இரு பயணிகள் கப்பல்கள் மோதின. இரண்டிலும் ரேடார் இருந்தது. ஒன்று சில டிகிரி மட்டும் இடப்பக்கம் திரும்பியது. மற்றது அதைக் கவனிக்காமல் வலப்பக்கம் திரும்பியது. 51 பேர் இறந்தார்கள்.

1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதிகளின் எட்டாம் விதியில் இதற்கான பாடம் இருக்கிறது: விலகுவதென்றால் எதிர்க் கப்பலின் கண்ணுக்கோ ரேடாருக்கோ பளிச்சென்று தெரியும்படி விலகு, சிறிது சிறிதாகத் திரும்பாதே. இருந்தும் 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள்.

2024 அக்டோபரில் 'மாதங்கி' என்ற தானியங்கிப் படகு மும்பையிலிருந்து தூத்துக்குடி நோக்கிப் புறப்பட்டது. எரிபொருளும் நேரமும் மிச்சமாகும் பாதையைத் தேடும் கணினிக்கு, இரண்டு டிகிரி திரும்பினால் போதும் என்று தோன்றலாம். கணக்குப்படி அது சரிதான். ஆனால் எதிரே வருபவருக்கு அது தெரியாது. ஆகவே ஆளில்லாக் கப்பலைச் சோதிக்கும்போது மோதாமல் போனதா என்று பார்த்தால் மட்டும் போதாது. எதிரே விசைப்படகில் வரும் தூத்துக்குடி மீனவருக்கு அது எந்தப் பக்கம் போகிறது என்று முன்கூட்டியே புரிந்ததா என்றும் கேட்க வேண்டும்.