கனமும் ஈர்ப்பும்

'கிராவிட்டி' என்னும் ஆங்கிலச் சொல், கனமுடையது எனப் பொருள்படும் 'கிராவிஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நியூட்டனின் பெருநூல் 1687-இல் வெளிவருவதற்கு நெடுங்காலம் முன்னரே அஃது ஆங்கிலத்தில் வழங்கியது. ஆயின் அந்நாளில் அது சிறப்பாக உணர்த்தியது சான்றோர்பால் விளங்கும் பெருமித அமைதியையே. வடமொழிக் 'குரு'வும் இதற்கு இனமான சொல் என்பர் மொழிநூலார். பளுவுடையது என்பதே அதன் முதற்பொருள். ஆசிரியன் என்பது பின்வந்தது.

பளுவையும் மாண்பையும் ஒரு சொல்லில் அடக்கும் இவ்வழக்குத் தமிழுக்கு அயலன்று. பொறை என்பது சுமை, பொறுத்தலும் அதுவே. 'நிறு' என்னும் அடி தராசில் இடுதலையும் நிற்கச் செய்தலையும் உணர்த்தும். ஆகவே நிறை எடையும் ஆயிற்று. மனத்தை நெறியில் நிறுத்துதலும் ஆயிற்று. குறளின் நிறையழிதல் அதிகாரத்தை எடைக்குறைவு எனக் கொள்வார் யாரும் இலர்! கனம் என்பதோ வடசொல். சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமைச்சரைக் 'கனம்' என்ற அடைமொழியுடன் சுட்டினர். பின்னர் அவ்விடத்தை 'மாண்புமிகு' பெற்றது. அக்கனமே தலைக்கு ஏறியவிடத்துத் தலைக்கனம் என இழிந்தமை நோக்கத்தக்கது.

இத்துணைச் சொற்கள் இருந்தும், இயற்பியற் கருத்துக்கு இவற்றுள் ஒன்றும் கொள்ளப்படவில்லை. முன்னைய நூல்களின் ஆகர்ஷண சக்தியும் இன்றைய புவியீர்ப்பும் இழுத்தல் என்ற வினையினின்று பிறந்தவை. இந்தியின் 'குருத்வாகர்ஷண்' பளுவையும் இழுப்பையும் ஒருங்கே கூறும். தமிழ் இழுப்பை மட்டும் கொண்டது. கவர்தல் என்ற சொல்லைத் தாம் ஆளினும் அதனால் காரணம் இன்னதென வரையறுக்கவில்லை என நியூட்டனே எச்சரித்துள்ளார். ஐன்ஸ்டைன் 1915-இல் நிறுவிய கொள்கையோ இதனைக் காலவெளியின் வளைவாகக் காண்கிறது. ஈர்ப்பு என்னும் சொல் தெளிவானதே. எனினும் ஒரு விளக்கத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட சொல் அது.

இதனினும் பெரிய இடர்ப்பாடு நிறை என்பதில் உளது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்பது பொருளின் மாறா அளவு. புவி இழுக்கும் விசை எடை எனப்படும். இலங்கையிலோ அவ்விசையே நிறை. மாறா அளவு திணிவு. திங்களில் ஒரு பொருளின் நிறை ஏறத்தாழ ஆறிலொன்றாகும் என்னும் தொடர் யாழ்ப்பாணத்து மாணவனுக்கு மெய்; மதுரை மாணவனுக்குப் பிழை. கலைச்சொல் அகராதி தொகுப்போர் இவ்விரு வழக்கையும் நாட்டுக் குறிப்புடன் பதிதல் வேண்டும்.