ராஜபாளையம் நாய்: இனவிருத்திக்கான ஆயத்தம்

நாய் இனவிருத்தியில் இறங்குகிறவர் பெரும்பாலும் கொட்டகை, கம்பிவேலி, பேர்போன கடுவன் என்றுதான் தொடங்குகிறார். விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாயைப் பொறுத்தவரை, முதலில் கவனிக்க வேண்டியது காது. 2005இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற இந்த வேட்டை நாயின் பெருமை அதன் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும். அதன் பிறவிச் செவிட்டுக்கும் அந்த நிறமே வேர். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் உட்காதுக்கும் தேவை. அவை இல்லாத காதில், ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன.

இந்தச் செவிட்டைக் கண்டுபிடிப்பது பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கடினம். குட்டிகள் உறங்கும்போது, ஐந்தாறு வார வயதில், ஒரு தட்டைக் கையில் பிடித்துக் கரண்டியால் தட்டினால் மற்றவை துள்ளி எழும். முழுச் செவிட்டுக் குட்டி தாயின் வயிற்றில் முகம் புதைத்தபடியே கிடக்கும். தட்டைத் தரையில் போட்டால் அதிர்வுக்கு அதுவும் எழுந்துவிடும். எழுந்தவற்றிலும் ஒற்றைக் காது கேளாதது இருக்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பது, ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் எதிர்வினையைப் பதியும் பேயர் சோதனை மட்டுமே. இதே நிறச் சிக்கலுள்ள டால்மேஷியன்களை அமெரிக்காவில் இப்படிச் சோதித்தபோது ஏறத்தாழ 30 விழுக்காட்டில் செவித்திறன் குறை தெரிந்தது. மொத்தத்தில் இரு காதும் கேளாதவை 8 விழுக்காடுதான்; குறையுள்ள மற்றவை ஒரு காதால் ஊரை ஏமாற்றியவை. தட்டோசையை நம்பி இணை சேர்ப்பவர் இந்த ரகத்தைத்தான் தவறவிடுகிறார்.

நிறத்திட்டுள்ள நாய்களையும் இணை சேர்க்கலாமே என்றால், வெள்ளை போனால் இனமே போயிற்று என்பார்கள். ஆனால் ராஜபாளையம் ஈற்றில் திட்டு விழுந்த குட்டிகளும் பிறப்பதுண்டு. ரத்தம் அதேதான், ஒதுக்கியது மனிதரின் ரசனை. டால்மேஷியனிலும் பிறக்கும்போதே கருந்திட்டுள்ள குட்டிகளுக்குச் செவிட்டு வாய்ப்பு குறைவு. காட்சிப் போட்டி விதிகளோ அவற்றைத்தான் தள்ளிவைக்கின்றன. இருக்கும் நாய்களே கொஞ்சம், இதில் காது கேளாதவற்றையும் வடிகட்டினால் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி இன்னும் வலுவானது. மரபு வட்டம் சுருங்கினால் வேறு நோய்கள் தலைதூக்கும் என்பது உண்மை. அதனாலேயே வடிகட்டும் கையே திட்டுக் குட்டிகளையும் உறவில்லாத தூரத்து நாய்களையும் உள்ளே சேர்க்க வேண்டியிருக்கிறது.

2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, இணை சேர்க்கப் பெட்டைக்கு 18 மாதம் நிறைய வேண்டும். வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வயதுக்குப்பின் இணை சேர்க்கக் கூடாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இந்த 8 வாரம் சோதனைக்குத் தாராளம். சோதனையில் தோற்ற குட்டிக்கு நல்ல விலை கிடைக்காது. கைச்சைகைக்குப் பழகி, அது வளர்த்தவர் வீட்டிலேயே பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடும். கொட்டகையின் நீள அகலத்தை அதையும் எண்ணித்தான் குறிக்க வேண்டும்.