எச்.ஐ.வி. மருந்துசார் இரத்தக் கோளாறுகள்

எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் உட்கொள்ளும் மருந்துகள் எலும்பு மஜ்ஜையையோ இரத்த அணுக்களையோ பாதிப்பதால் உண்டாகும் குறைபாடுகள்.

வகைகள்: இரத்தச்சோகை, வெள்ளணுக் குறைவு ஆகியவை முதன்மையானவை. தட்டணுக் குறைவு பெரும்பாலும் வைரஸாலேயே நேர்வது. கூட்டு மருந்துச் சிகிச்சையில் இது சீரடைவதுண்டு.

காரணம்: எச்.ஐ.வி. எதிர்மருந்தான ஜிடோவுடின் மஜ்ஜையில் அணு உற்பத்தியை ஒடுக்குகிறது, சிவப்பணுக்களின் பருமனும் கூடுகிறது. சோகை பெரும்பாலும் முதற்சில மாதங்களில் வெளிப்படும். முன்பே சோகையுள்ளோருக்கும் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சிடி4 என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் 200க்குக் குறைந்தோருக்கும் ஆபத்து மிகுதி. கோட்ரைமாக்சசோல் போன்ற துணைமருந்துகளும் இரத்த அணுக்களைக் குறைக்கக்கூடும்.

கண்டறிதலும் சிகிச்சையும்: சிகிச்சை தொடங்குமுன்பும் தொடரும்போதும் முழு இரத்த அணுப் பரிசோதனை தேவை. கடும் சோகையில் மருத்துவர் ஜிடோவுடினுக்குப் பதிலாக டெனோஃபோவிர் போன்ற மாற்று மருந்தைத் தருவார். இரத்தம் ஏற்றவும் நேரலாம். நோயாளி தாமாக மருந்தை நிறுத்தலாகாது.

வரலாறு: ஜிடோவுடின் 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மலேசிய அரசு 2003இல், காப்புரிமையாளரின் இசைவின்றியே மருந்தைப் பயன்படுத்த இடமளிக்கும் அரசுப் பயன்பாட்டு உரிமம் வழங்கி, இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து ஜிடோவுடின் உள்ளிட்ட மருந்துகளைப் பொது மருத்துவமனைகளுக்காக இறக்குமதி செய்ய வழிவகுத்தது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க் என்னும் அமைப்பு இத்தகைய உரிமங்களை ஆதரித்துவருகிறது. 2013இல் உலக சுகாதார அமைப்பு டெனோஃபோவிர் சார்ந்த கூட்டு மருந்தை முதல்நிலைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. ஜிடோவுடின்வழிச் சோகை குறைய இது உதவியது.